கிராமத் திட்டமிடலில் ஜிஐஎஸ்: கொழும்பிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

கொழும்பில் இருந்துகொண்டு ஊருக்கு ஏதாவது செய்ய நினைப்பவர்கள், திணைக்களங்களில் வேலை செய்பவர்கள், படிக்கிறவர்கள் என்று பலர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். ஒரே கேள்வி பலரிடமிருந்து வந்த இடங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். இடம் சார்ந்த தரவை வரைபடத்தில் வைத்து ஆராயும் கணினி முறையான புவியியல் தகவல் முறைமையை ஜிஐஎஸ் என்றே எழுதுகிறேன். மாவட்டத் திட்டமிடல் பிரிவுகளுக்கு வரைபட வேலை செய்து கொடுக்கிறவள் என்ற அனுபவத்தில்தான் பதில் சொல்கிறேன்.

நாவல திறந்த பல்கலைக்கழக மாணவி: அக்கா, எந்தக் கிராமத்தில் கிணறு இல்லை, எதில் பாடசாலை இல்லை என்பதை எக்செல் அட்டவணையிலேயே பார்த்துவிடலாமே. வரைபடத்தில் போடுவதால் புதிதாக என்ன தெரியும்?

பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது தெரியும், தங்கச்சி. அட்டவணையில் ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவும் தனித்தனி வரி. "ஆரம்பப் பாடசாலை இல்லை" என்று இரண்டு பிரிவுகளுக்கு எழுதியிருக்கும். ஒன்றின் எல்லையைத் தாண்டினால் பத்து நிமிட நடையில் பாடசாலை இருக்கும். மற்றதைச் சுற்றி வயலும் காடும்தான். அட்டவணைக்கு இரண்டும் ஒன்று. நாட்டில் 14,000க்கு மேற்பட்ட கிராம அலுவலர் பிரிவுகள் இருக்கின்றன. அவற்றின் எல்லைகள் நிர்வாகத்துக்காகக் கீறப்பட்டவை. சனம் எல்லை பார்த்து நடப்பதில்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வேலையைத் தொடங்கும்போது "என்னென்ன லேயர் கிடைக்கும்" என்று தேடப் போகாதீர்கள். லேயர் என்பது வீதி, கிணறு, பாடசாலை என்று ஒரு வகைத் தகவல் மட்டும் உள்ள வரைபட அடுக்கு. எடுக்கப் போகும் முடிவை ஒரே வசனத்தில் எழுதி மேசையில் ஒட்டுங்கள். "இந்த வருடம் மூன்று குழாய்க்கிணறு அடிக்கக் காசு இருக்கிறது, எங்கே அடிப்பது?" அவ்வளவுதான். அந்த வசனத்துக்கு உதவாத லேயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் தேவையில்லை.

தொண்டு நிறுவனமொன்றில் வேலை செய்பவர், பம்பலப்பிட்டி: வைத்தியசாலையைச் சுற்றி 5 கிலோமீற்றர் வட்டம் போட்டு, உள்ளே வரும் கிராமங்களைச் "சேவை கிடைக்கும் கிராமங்கள்" என்று அறிக்கையில் எழுதுகிறோம். அது போதுமா?

போதாது. சில மாவட்டங்களில் அது ஆபத்தும்கூட.

மட்டக்களப்பை எடுங்கள். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையை நடுவில் வைத்து வட்டம் போட்டால் அது வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்குள் போய்விடும். வட்டத்துக்குத் தண்ணீரும் தரையும் ஒன்றுதான். ஆனால் மண்டூரிலிருந்து ஒரு கர்ப்பிணித் தாய் வர வேண்டுமென்றால் குறுமன்வெளிக்கு வரும் இயந்திரப் படகுப் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) ஏற வேண்டும். அது ஓடாத நேரமென்றால் சுற்றிக்கொண்டு பட்டிருப்புப் பாலத்தால் வர வேண்டும். உங்கள் அறிக்கையில் அந்தத் தாய் "சேவை கிடைக்கும்" பட்டியலில் இருப்பார், அடுத்த வருட அம்புலன்ஸ் ஒதுக்கீட்டில் அந்தப் பக்கம் விடுபட்டுப் போகும்.

வட்டத்தை விட்டுவிட்டு வீதி வலையமைப்பு வழியாகத் தூரத்தைக் கணியுங்கள். கிலோமீற்றரை விட நிமிடம் நல்லது. கொங்கிறீட் வீதிக்கு ஒரு வேகம், கிரவலுக்கு ஒரு வேகம், மாரியில் வெள்ளம் மூடும் பகுதிக்கு வேறு வேகம். கோடைக்கு ஒரு படம், மாரிக்கு ஒரு படம் என்று இரண்டு போட்டுப் பாருங்கள். வடக்கு கிழக்கில் இரண்டுக்கும் இடையில் நிறைய வித்தியாசம் வரும். மலையகத்திலும் இதே கதைதான்: எதிர் மலையில் கண்ணுக்குத் தெரியும் தோட்டத்துக்குப் போக ஆற்றுப் பள்ளத்தில் இறங்கி ஏற வேண்டியிருக்கும்.

வீதித் தரவுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மப் நல்ல தொடக்கம். 2004இல் தொடங்கிய திறந்த வரைபடம், யாரும் திருத்தலாம். மட்டக்களப்பில் மண்முனை வடக்குப் பிரிவின் கட்டடங்களை ஏற்கனவே ஒரு திட்டத்தின் கீழ் விரிவாக அதில் பதிந்திருக்கிறார்கள். உள்ளூர்க் கிரவல் வீதிகள் விடுபட்டிருந்தால் நீங்களே சேர்த்துவிட்டுக் கணியுங்கள். உங்களுக்குப் பின்னால் வருபவருக்கும் அது உதவும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி: மென்பொருள் வாங்கக் காசில்லை. என்ன செய்யலாம்?

கியூஜிஐஎஸ் இலவசம். 2002இல் தொடங்கி இன்றுவரை உலகம் முழுவதும் ஆட்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள். பிரதேச செயலக மட்டத் திட்டமிடலுக்குத் தேவையான எல்லாம் அதில் இருக்கிறது. கைபேசியில் வெளிக்களத் தகவல் எடுக்க கியூஃபீல்ட், கோபோ இரண்டும் போதும்.

வன்னியில் ஒரு பிரதேச செயலகத்தின் அபிவிருத்தி உத்தியோகத்தர் (கொழும்புக்குப் பயிற்சிக்கு வந்திருப்பவர்): மிஸ், எங்கள் அலுவலகத் தரவை எல்லைக் கோப்போடு இணைத்தால் பாதிப் பிரிவுகள் வெறுமையாக வருகின்றன. தமிழ்ப் பெயர்களும் ஏதோ கிறுக்கலாகத் தெரிகின்றன. ஜீபீஎஸ் புள்ளிகள் சில கடலுக்குள் விழுகின்றன.

இந்த மூன்றும் ஏறக்குறைய எல்லா அலுவலகத்திலும் வருபவை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, பெயரை வைத்து இணைக்காதீர்கள். ஒரு கோப்பில் "கிழக்கு" என்று இருக்கும், அடுத்ததில் அடைப்புக்குறிக்குள் "கி" மட்டும் இருக்கும். ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தால் ஒரு ஊருக்கே நாலு எழுத்துக்கூட்டல். கிராம அலுவலர் பிரிவின் இலக்கத்தை வைத்து இணையுங்கள். அந்த இலக்கத்தை எக்செலில் எண்ணாக வைக்காமல் எழுத்தாக வைக்க வேண்டும். எண்ணாக வைத்தால் முன்னால் நிற்கும் பூச்சியத்தை எக்செல் தின்றுவிடும், இணைப்பும் அங்கேயே அறுந்துவிடும்.

கிறுக்கலுக்குக் காரணம் பெரும்பாலும் பாமினி. நம் அலுவலகங்களில் பல வருடக் கடிதங்களும் பட்டியல்களும் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. கணினிக்கு அது தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்ட வேலை. ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றிவிட்டுத்தான் ஜிஐஎஸ்ஸுக்குள் கொண்டுவர வேண்டும். மாற்றிய பிறகு கோப்பை ஷேப்ஃபைல் என்ற பழைய ஜிஐஎஸ் கோப்பு வடிவத்தில் சேமிக்காதீர்கள். அதில் நிரலின் தலைப்புக்கு 10 பைட் இடம்தான். ஒருங்குறியில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட் எடுக்கும். "குடும்பங்கள்" என்று தலைப்பு வைத்தால் முதல் எழுத்தும் அடுத்த எழுத்தின் பாதியும்தான் மிஞ்சும். ஜியோபக்கேஜ் வடிவத்தில் சேமியுங்கள், இந்தத் தொல்லை இல்லை.

கடலுக்குள் விழும் புள்ளிகளுக்குக் காரணம் ஆள்கூற்று முறை, அதாவது ஓர் இடத்தை எண்களால் குறிக்கும் முறை. இலங்கையில் பழைய கண்டவல முறையில் தொடக்க எண் 200,000 மீற்றர், 1999இல் வந்த எஸ்எல்டி99 முறையில் 500,000 மீற்றர். ஒன்றை மற்றதென்று சொல்லித் திறந்தால் கிழக்கு மேற்காகவும் வடக்குத் தெற்காகவும் 300 கிலோமீற்றர் தள்ளிப் போகும். கியூஜிஐஎஸ்ஸில் ஒவ்வொரு முறைக்கும் ஈபிஎஸ்ஜி என்ற இலக்கம் உண்டு: 5234 என்றால் பழையது, 5235 என்றால் புதியது. கடலுக்குள் விழுந்தால் பரவாயில்லை, உடனே கண்ணில் படும். எனக்குப் பயம் மற்றதுதான்: ஜீபீஎஸ்ஸின் முறைக்கும் நம்முடைய முறைக்கும் இடையிலான மாற்றத்தைச் சரியாகச் செய்யாவிட்டால் புள்ளி நூறு மீற்றருக்கு மேல் நகர்ந்து அடுத்தவன் வளவுக்குள் அமைதியாக உட்கார்ந்திருக்கும். வெளியே போவதற்கு முன் உங்கள் பிரதேச செயலக வாசலில் ஒரு புள்ளி எடுத்து, படத்தில் அது வாசலிலேயே விழுகிறதா என்று பாருங்கள்.

வெள்ளவத்தையில் இயங்கும் ஓர் ஊர் அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர்: தங்கச்சி, வவுனியாப் பக்கம் எங்கள் ஊர்க் குளத்தைத் திருத்த கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் ஊரவர்கள் காசு சேர்த்திருக்கிறார்கள். குளக்கட்டை உயர்த்தினால் கூடுதலாக நீர் பிடிக்கும் என்பது எங்கள் எண்ணம். எவ்வளவு உயர்த்தலாம் என்று ஜிஐஎஸ்ஸில் கணிக்க முடியுமா?

அண்ணா, எவ்வளவு உயர்த்தலாம் என்பது பொறியியலாளர் களத்தில் மட்டம் எடுத்துச் சொல்ல வேண்டிய விடயம். உயர்த்துவதா வேண்டாமா என்று யோசிக்க ஜிஐஎஸ் பெரிய உதவி. ஏனென்றால் உங்கள் குளம் தனியாக இருக்கும் குளமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

நம் வறண்ட வலயத்துச் சிறு குளங்கள் ஒரு சிறு பள்ளத்தாக்கு வழியே ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொடராக அமைந்தவை. மேற்குளத்து வயலின் கழிவு நீர் அடுத்த குளத்துக்கு வரத்து. பேராசிரியர் மத்தும பண்டார 1985இல் இந்தத் தொடரமைப்பை விளக்கி எழுதினார். 2017இல் ஐ.நா. உணவு விவசாய அமைப்பு இதை உலக விவசாய மரபுச் சின்னங்களில் ஒன்றாக ஏற்றது. இப்போது உங்கள் வான் மட்டத்தை, அதாவது மேலதிக நீர் வழிந்தோடும் மட்டத்தை, உயர்த்தினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். நீர் பின்னால் பரவும். பின்னால் இருப்பது மேற்குளத்தாரின் வயல். வான் பாய்வது பிந்தும், சில வருடம் பாயாமலே போகும். அப்படியென்றால் கீழ்க்குளத்துக்கு வரத்தில்லை. உங்கள் ஊருக்கு நல்லது செய்யப் போய் இரண்டு ஊரோடு வழக்கு.

அதனால் முதலில் நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 படத்தில் உங்கள் குளத்துக்கு மேலும் கீழும் உள்ள எல்லாக் குளங்களையும் குறித்து, எது எதற்குப் பாய்கிறது என்று அம்புக்குறி போடுங்கள். நாரஹேன்பிட்டியில்தான் திணைக்களத்தின் தலைமையகம், உங்களுக்குப் பக்கம்.

அடுத்தது, செய்மதிப் படத்தில் நீர்ப் பரப்பைப் பாருங்கள். சென்டினல்-2 படங்கள் 10 மீற்றர் துல்லியம், 2015இலிருந்து இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு வருடமும் பெரும்போகம் முடியும் நேரத்திலும் சிறுபோக நடுவிலும் குளம் எவ்வளவு நிறைந்திருந்தது என்று பார்த்துவிடலாம். மாரியில் முகில் மூடியிருந்தால் சென்டினல்-1 ராடார் படம் முகிலைத் தாண்டிக் காட்டும். இதில் ஒன்று கவனிக்க வேண்டும். தாமரையும் ஆகாயத்தாமரையும் சல்வீனியாவும் மூடிய குளம் செய்மதிக்குப் பச்சைத் தரையாகத்தான் தெரியும். கணினி "நீர் இல்லை" என்று சொல்லும், குளம் நிறைய நீர் நிற்கும். பல வருடம் பார்த்தும் குளம் வான் மட்டத்துக்கே நிறையவில்லை என்று தெரிந்தால், கட்டை உயர்த்தி என்ன பயன்? வரத்து வாய்க்கால் தூர்ந்திருக்கிறதா, துருசு (மதகு) ஒழுகுகிறதா என்று அப்போது தேட வேண்டும். பெரும்பாலும் காசை அங்கே போட்டால்தான் பலன்.

இணையத்தில் கிடைக்கும் நில உயரத் தரவை வைத்துக் குளத்தின் கொள்ளளவு கணித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். 2000ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்திலிருந்து எடுத்த அந்தத் தரவில் ஒரு கட்டம் 30 மீற்றர். உயரத்தில் பல மீற்றர் பிழை இருக்கலாம், மரத்தின் தலையையும் தரையாக எடுத்துக்கொள்ளும். மூன்று மீற்றர் உயரக் குளக்கட்டு அதில் தெரியவே தெரியாது. வன்னி போன்ற தட்டை நிலத்தில் அந்தத் தரவு கீறும் ஓடைகள் ஒரு ஊரையே தாண்டிப் போகும்.

கடைசியாக, 80 ஹெக்டேயருக்குக் குறைந்த வயலுக்குப் பாயும் சிறு குளங்கள் பெரும்பாலும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. கமக்கார அமைப்பையும் கமநல சேவை நிலையத்தையும் கேட்காமல் ஒரு கூடை மண்ணும் போட வேண்டாம். உங்கள் ஊர் அமைப்பை மட்டும் கூப்பிடாமல் மேல்குளத்தாரையும் கீழ்க்குளத்தாரையும் ஒரே கூட்டத்துக்குக் கூப்பிட்டு அந்த அம்புக்குறிப் படத்தை விரித்து வையுங்கள்.

ஓய்வுபெற்ற நிர்வாக அதிகாரி, தெஹிவளை: பிள்ளை, நாங்கள் கச்சேரியில் இருந்த காலத்தில் விதானைமாரையும் ஊரையும் தெரிந்து வைத்துத் திட்டம் போட்டோம். இப்போது நிறம் தீட்டிய படங்கள் வருகின்றன. முடிவுகள் மாறினதாகத் தெரியவில்லையே.

ஐயா, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முடிவு எடுத்த பிறகு அறிக்கையின் பின்னிணைப்புக்குப் படம் கேட்கிற வழக்கம் நிறைய இடத்தில் இருக்கிறது. அது மாற ஒரு படம் உதவும் என்பது என் நம்பிக்கை: கடந்த பத்து வருடத்தில் காசு எங்கே போனது என்ற படம். பன்முகப்படுத்தப்பட்ட நிதி, மாகாண சபை, தொண்டு நிறுவனங்கள் என்று எதுவானாலும், முடிந்த ஒவ்வொரு வேலைக்கும் ஒரு புள்ளி, செலவுக்கேற்ற பருமன். பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் இதைச் சுவரில் போட்டால் பிரதான வீதியோரம் புள்ளிகள் குவிந்திருப்பதும் உள்ளே சில பிரிவுகளில் ஒன்றுகூட இல்லாததும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரியும். ஊரைத் தெரிந்த உங்கள் போன்றவர்கள் அப்போதும் தேவை. புள்ளி இல்லாத இடம் ஏன் அப்படி என்று படம் சொல்லாது.

ஹட்டனைச் சேர்ந்த ஆசிரியை, கொழும்பில் பணிபுரிபவர்: தோட்டப் பகுதிக்கு வரும் திட்டங்களில் எங்கள் லயன்கள் எப்போதும் கணக்கில் குறைகின்றன. வரைபடத்திலும் அதே நிலைதானா?

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்களுக்குக் கவனமில்லாமல் செய்தால் அதே நிலைதான், ரீச்சர். இரண்டு இடத்தில் குறையும்.

ஒன்று, சராசரியில். ஒரு கிராம அலுவலர் பிரிவுக்குள் கடைத்தெருவும் கிராமமும் தோட்டப் பிரிவும் சேர்ந்து இருக்கும். பிரிவுக்கு ஒரு நிறம் தீட்டினால் கடைத்தெருவின் குழாய்நீர் லயனின் பீலித் தண்ணீரை மறைத்துவிடும். வறுமைத் தரவு அதை விடவும் பெரிய அலகில்தான் வருகிறது: வீட்டு வருமானச் செலவு ஆய்வு மாவட்ட மட்டத்துக்குத்தான் நம்பகமானது.

மற்றது, செய்மதிப் படத்திலிருந்து கணினி தானாகக் கீறும் கட்டடத் தரவில். நீண்ட ஒரே கூரை என்பதால் ஒரு லயனை அது ஒரு கட்டடமாக எண்ணும். உள்ளே பத்துப் பன்னிரண்டு குடும்பம். "ஒரு கட்டடத்துக்கு ஒரு குடும்பம்" என்று கணக்குப் பார்த்து மலசலகூடம் ஒதுக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். கூரையின் நீளத்தைப் பார்த்து லயன்களைத் தனியாகப் பிரித்து, தோட்டப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, அறைவாரியாகக் குடும்பங்களைச் சேர்க்க வேண்டும். கூடுதல் வேலைதான். செய்யத்தான் வேண்டும்.

மண்சரிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறக்க முடியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1:50,000, 1:10,000 அளவுகளில் மண்சரிவு அபாய வலயப் படங்கள் வைத்திருக்கிறது. முதல் அளவில் தாளில் ஒரு மில்லிமீற்றர் என்றால் தரையில் 50 மீற்றர். கணினியில் பெரிதாக்கி, "கோடு இந்த வீட்டுக்கு வெளியே போகிறது, பிரச்சினை இல்லை" என்று சொல்லவே கூடாது. எந்தச் சரிவைக் களத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்று காட்டத்தான் அந்தப் படம். புதிய வீட்டுக்குக் காணி ஒதுக்கும்போது அந்த நிறுவனத்தின் கள அறிக்கையைக் கையில் கேட்டு வாங்குங்கள்.

முதுமாணி மாணவர், கொழும்புப் பல்கலைக்கழகம்: பல காரணிகளுக்கு நிறை (முக்கியத்துவத்துக்கேற்ற மதிப்பு) கொடுத்து முன்னுரிமைக் கிராமங்களைத் தெரிவு செய்கிறேன். நிறைகளை எப்படித் தீர்மானிப்பது?

தீர்மானித்தது யார் என்பதை முதலில் எழுதுங்கள். நான்கு விரிவுரையாளர்களிடம் படிவம் நிரப்பி வாங்கிய நிறையும், ஊர்ப் பெண்கள் சங்கத்தோடு பேசி வந்த நிறையும் ஒன்றாக இருக்காது. தண்ணீருக்குப் போகும் நேரம் என்ற காரணியில் அது உடனே தெரியும். பிறகு நிறைகளைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துத் திரும்ப ஓட்டுங்கள். எப்படி மாற்றினாலும் மேலே நிற்கும் கிராமங்களை உறுதியாகச் சொல்லலாம். நிறையைத் தொட்டவுடன் ஏறி இறங்குபவற்றை "நேரில் பார்க்க வேண்டியவை" என்று தனியாகப் பட்டியலிடுங்கள்.

முல்லைத்தீவைச் சொந்த இடமாகக் கொண்டவர், வத்தளை: இடம்பெயர்ந்து பல வருடம் கழித்துத் திரும்பிப் போனால் எங்கள் காணி படத்தில் காடு என்று இருக்கிறது.

இது எனக்கு மிகவும் மனம் நோகும் விடயம். ஆளில்லாத காணியில் மரம் வளரும். செய்மதிப் படம் மரத்தைக் காட்டும், யார் வளவு, ஏன் கைவிடப்பட்டது என்று காட்டாது. ஆனால் அதே தொழில்நுட்பத்தில் உங்கள் பக்க ஆதாரமும் இருக்கிறது. லான்ட்சாட் படங்கள் 1972இலிருந்து உள்ளன, 2008இலிருந்து இலவசம். 1980களின் நடுவிலிருந்து 30 மீற்றர் துல்லியம், வயல் வெளியும் குளமும் தெரியும். ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் பழைய ஒரு அங்குலப் படத் தாள்களிலும் குளமும் வயலும் குறித்திருக்கும். காணியில் பயிர் இருந்தது என்பதற்கு இவை துணைச் சான்று. உரிமைக்கு உறுதியும் அனுமதிப் பத்திரமும்தான். இரண்டையும் சேர்த்துப் பிரதேச செயலகத்தில் கொடுங்கள். ஊராகச் சேர்ந்து கொடுத்தால் இன்னும் பலம்.

சமூக சேவை உத்தியோகத்தர்: பெண் தலைமைக் குடும்பங்களை வீடு வீடாகப் புள்ளி போட்டுப் படமாக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

வெளியே போகும் படத்தில் வேண்டாம். தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டை வழியோடு காட்டிக் கொடுப்பதாகிவிடும். வீட்டுப் புள்ளிகள் அலுவலகத்துக்குள் பூட்டோடு இருக்கட்டும், கூட்டத்துக்குப் பிரிவுவாரி எண்ணிக்கை போதும். ஒரு பிரிவில் இரண்டு மூன்று குடும்பம்தான் என்றால் எண்ணிக்கையையும் போடாதீர்கள்.

பெயர் குறிப்பிடாத ஒருவர்: ட்ரோன் வாங்கினால் வேலை சுலபமாகுமா?

சிறிய இடத்துக்கு நல்லது. பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்கே என்றால் இலவசச் செய்மதிப் படங்களைப் பயன்படுத்தி முடித்த பிறகு யோசியுங்கள்.

கிளிநொச்சியில் களப்பணி செய்யும் தம்பி: ஊர்க் கூட்டத்தில் படத்தை விரித்தால் ஆட்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். படிப்பில்லாததால் வரைபடம் விளங்கவில்லையோ?

படம்தான் அவர்களுக்கு விளங்கும்படி இல்லை, தம்பி. ஊர்ப் பெயர்களை எல்லாம் ஆங்கிலத்தில் போட்டு, பிரிவு இலக்கத்தைப் பெரிதாகவும் கோயிலைச் சின்னதாகவும் போட்டால் யாருக்கு விளங்கும்? கோயில், தேவாலயம், பாடசாலை, குளம், சங்கக் கடை இவற்றை ஊரில் சொல்லும் பெயரிலேயே தமிழில் பெரிய எழுத்தில் போடுங்கள். பின்னணிக்கு நிறம் தீட்டாமல் செய்மதிப் படத்தையே மங்கலாகப் போடுங்கள். வளவும் பெரிய மரமும் தெரிந்தால் ஆட்கள் தங்கள் வீட்டைத் தாங்களே கண்டுபிடிப்பார்கள். ஏ0 அளவில் அச்சடித்து, தரையில் விரித்து, படத்தின் வடக்கு நிஜ வடக்கைப் பார்க்கும்படி திருப்பி வையுங்கள். சுற்றி இருக்க இடம் விட்டு, மார்க்கரை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.

ஆண்களோடு ஒரு தடவை, பெண்களோடு தனியாக ஒரு தடவை செய்யுங்கள். தண்ணீர் எடுக்கும் இடம், விறகு எடுக்கும் வழி, இருட்டிய பிறகு போகப் பயப்படும் வீதி, இவை இரண்டாவது கூட்டத்தில்தான் வரும். யானை வரும் பாதையை இரண்டு கூட்டத்திலும் கீறுவார்கள். வந்த கீறல்களை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ப் பதிந்து, திருத்திய படத்தின் ஒரு பிரதியை அதே ஊருக்குத் திருப்பிக் கொடுங்கள். ஆரம்பத்தில் ஒரு மாணவிக்கு முடிவை வசனமாக எழுதச் சொன்னேன் இல்லையா, அந்த வசனத்தையும் படத்தின் கீழே தமிழில் போட்டுக் கொடுங்கள். மூன்று குழாய்க்கிணறு எங்கே என்று முடிவான பிறகு அந்த இடங்களையும் குறித்துப் பொதுநோக்கு மண்டபச் சுவரில் ஒட்டிவிடுங்கள். அடுத்த வருடம் காசு வரும்போது எங்கிருந்து தொடங்குவது என்று ஊரே சொல்லும்.